என் கையால் போணி கேட்ட சிக்கந்தர்

அன்று காலை கம்பம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கக் குனிந்தேன். "சார், இன்னும் போணி ஆகல. செத்த நேரம் கழிச்சு வாங்களேன்" என்றார் கடைக்காரம்மா. எரிச்சலோடு நிமிர்ந்தபோது போன் வந்தது. என் நண்பன் சிக்கந்தரின் மகள் பரிதா. "மாமா, அத்தா மௌத்தாயிட்டாக." ராசியில்லாத கை என்ற இந்தக் கெட்ட பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் போய்விட்டான் என்பது உறைக்கச் சற்று நேரமாயிற்று.

அவனை அறிந்த கம்பத்துக்காரர்களான உங்களுக்கு இந்தக் கதையும் தெரிந்திருக்கும். இருவரும் ஒரே வகுப்பு. நான் வாத்தியாராகி ஓய்வும் பெற்றேன். அவன் தொழிலதிபர் ஆகப்போவதாகக் கிளம்பினான். எந்தக் கடை திறந்தாலும் முதல் வியாபாரம் என் கையால்தான் நடக்க வேண்டும். எனக்குக் கைராசி உண்டென்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். ஒரு கடையும் வருடம் தாண்டவில்லை. பழி அவன் யோசனைகள் மேல் விழாமல் என் கைமேல் விழுந்தது.

ஒருமுறை, பன்னீர் திராட்சையைக் காயவைத்து உலர்திராட்சை விற்கப்போவதாகச் சொன்னான்.

"கொட்டை இருக்கேடா?"

"பாத்து மெல்லச் சொல்லுவோம் மாப்ள."

முதல் பொட்டலத்தை வாங்கிய எனக்குக் கடைவாய்ப் பல் விண்டது. ஆட்டோவில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனவன், வழியெல்லாம் அடுத்த திட்டத்தை விளக்கிக்கொண்டே வந்தான். நேந்திரம் சிப்ஸ் பொரித்துக் கேரளாவுக்கு அனுப்புவதாம். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. வீங்கிய வாயோடு என்னால் திட்டக்கூட முடியவில்லை. அதற்கும் போணி நான்தான்.

சிப்ஸ் கடையை மூடிய அன்று பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "இம்புட்டு வருசமா அலைஞ்சு என்னத்தடா சாதிச்ச? இந்தப் பொழப்புக்கு ஒரு அர்த்தம் வேணாமா?"

அவன் ஸ்டூல்மேல் ஏறிப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நீ போணி பண்ண வந்து எந்தக் கடையாச்சும் திறக்காம போச்சா? அம்புட்டும் திறந்துச்சுல்ல? உன் கை ராசியான கைதான் மாப்ள. மூடுனது என் கை."

"என்னை விட்டுத் தொலைடா!"

"ஜெயிச்சவன் கல்லாவ விட்டு எந்திரிக்க முடியாது. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. அடுத்த கடைக்கு வெள்ளனமே வந்துரு" என்றான்.

வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. நான் எதிலும் தோற்றவனில்லை. தோற்கும்படியாக எதையும் தொடங்கியதில்லை. இதை அவன் என்றைக்கும் சொல்லிக் காட்டியதில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்குமிடத்தில் குடைக்கடை என்பது அவனுடைய கடைசித் திட்டம். மலை ஏறினால் மழை. குடை இல்லாமல் முடியாது. அவன் யோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். சரக்கு வந்து இறங்கியிருந்தது. திறப்பதற்குள் மாரடைப்பு.

போன வாரம் பரிதா அந்தக் கடையைத் திறந்தாள். என்னைக் கூப்பிட்டபோது பதறிவிட்டேன். "ஆத்தா, இது உன் பொழப்பும்மா. வேற நல்ல கையாப் பாரு."

"கடைய ஓட்டுறது என் பாடு மாமா. போணி பண்றது உங்க பாடு. அத்தா சொல்லிட்டுத்தான் போயிருக்காக."

போனேன். வலது கையால் பணத்தை நீட்டினேன். பிஸ்மி சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு ஒரு கறுப்புக் குடையைக் கொடுத்தாள். எனக்குப் பின்னால் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் குடை கேட்டு நின்றார்கள். கடை ஓடுமோ ஓடாதோ, தெரியாது. திறந்துவிட்டது.

சிக்கந்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் குடையும், காய்கறிக் கடைகளில் வேண்டாமென்று ஒதுக்கப்படும் இந்த வலது கையும்தான். விட்டுத் தொலைடா என்று அவனிடம் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். ஒருமுறைகூடக் கேட்காத பாவி, இப்போது கேட்டுவிட்டான்.