எர்லிண்டாவின் சிவப்பு பீன்ஸ்

யோரோ மலையில் எர்லிண்டாவுக்குக் கோபக்காரி என்று பெயர். கோபம் வராமல் என்ன செய்யும்? மூன்று போகம் தொடர்ந்து மஞ்சள் தேமல் நோய் வந்து பீன்ஸை அழித்தது. தோர்த்தியா என்கிற சோள ரொட்டிக்கு உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். அவள் கணவனும் அந்தச் சமயத்தில்தான் போய்ச் சேர்ந்தான்.

பிறகு எங்கள் விவசாயக் குழுவுக்கு விதை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து கலப்பு விதை வந்தது. ஒரே பையில் வந்த விதைதான், ஆனால் ஒரு செடி மாதிரி இன்னொன்று இல்லை. பாதி கறுப்பாகக் காய்த்தது. எங்கள் சந்தையில் கறுப்பைச் சீந்துவார் இல்லை. சிவப்பாகக் காய்த்தவை தேமலில் செத்தன. ஒன்றே ஒன்று மட்டும் பச்சையாக நின்று, சிவப்பு மணியோடு இருபத்தெட்டு காய் கொடுத்தது. நாட்டு ரகம் நல்ல வருஷத்திலேயே பத்தைத் தாண்டாது.

எர்லிண்டா அந்த ஒரு செடியின் விதையை மூன்று வருஷம் போட்டு, பிசகியதையெல்லாம் பிடுங்கி எறிந்து பெருக்கினாள். பண்ணையில்கூட அந்த விதை கிடையாது.

இங்கே செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து, சொந்தக்காரர்கள் ஒரே களத்தில் குவித்துத் தடியால் அடிப்பது வழக்கம். அவள் தன் செடிகளை வேலியில் தனியாகத் தொங்கவிட்டிருந்தாள். கொழுந்தன் எவாரிஸ்தோ, அண்ணிக்கு ஒத்தாசை என்று, அதையும் தன் நாட்டுச் சிவப்போடு சேர்த்து அடித்துவிட்டான். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. கண்ணால் பிரிக்க வழியில்லை.

வந்து பார்த்தவள் அவன் கையிலிருந்த தடியையே பிடுங்கி அவன் மண்டையில் போட்டாள். ரத்தம் பீன்ஸ் குவியலில் வடிந்தது. களத்தில் இருந்த நான் இழுத்துப் பிடித்திராவிட்டால் கொன்றிருப்பாள். திமிறிப் போய் மூட்டைகளைக் கட்ட ஆரம்பித்தாள்.

"பாதி என்னுது அண்ணி. எம்புள்ளைங்க திங்கிறது."

"எல்லாம் விதை. ஒரு மணி குடுக்கமாட்டேன்."

அவன் வெட்டுக்கத்தியை ஓங்கினான். மூட்டையைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல் போயிற்று. மூட்டையை அவள் விடவில்லை.

அத்தனையையும் தக்காளித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் விதைத்தாள். தேமலைப் பரப்பும் வெள்ளை ஈ மொய்க்கிற இடம் அது. மருந்தும் அடிக்கவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றோம். ஆறு வாரத்தில் நாட்டுச் சிவப்பு முழுக்க மஞ்சளாகிச் செத்தது. பச்சையாக நின்றதெல்லாம் அவளுடையது. அவள் மூன்று வருஷம் பொறுக்கியதை நோயே பொறுக்கிக் கொடுத்துவிட்டது.

அந்த வருஷம் எவாரிஸ்தோ வீட்டில் பீன்ஸ் இல்லை. எலும்பும் தோலுமாகிப்போன அவன் சின்ன மகள் காய்ச்சலில் செத்தாள்.

குழுவில் எல்லோருக்கும் விதை பங்கிட்டபோது அவனும் பையோடு வந்து நின்றான். எர்லிண்டா மற்றவர்களுக்குப் போல அவனுக்கும் அளந்து போட்டாள்.

"உன் பாதி செத்துப்போச்சு. இது என்னுது. கொண்டுபோ."

"செத்தது பீன்ஸ் மட்டுமில்ல அண்ணி."

அவள் இன்னொரு படி எடுத்தாள். அவன் பையின் வாயை மூடிக்கொண்டான். இருவர் மேலும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். ஆனால் நானும் அந்த பீன்ஸைத்தான் தின்கிறேன்.

எவாரிஸ்தோ அதை விதைத்தான். நன்றாகவே விளைந்தது.