ரோவேனாவின் யோசையா

முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வெயிலை வாங்கி, கல்லறைக் கல்லின்மீது பாய்ச்சுகிறார் ரோவேனா தார்ன்டெல். தேய்ந்த எழுத்துகள் நிழல்கட்டி எழுகின்றன. மூன்று முறை வாசித்துச் சரிபார்த்த பிறகே குறிப்பேட்டில் ஏற்றுகிறார். "கல்லும் மனுஷன் வெட்டினதுதான். தேவாலய ஏட்டையும் பாத்துட்டு நம்பு" என்று எனக்கும் ஓர் அதட்டல்.

வயது எழுபத்திரண்டு. கனெக்டிகட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை முப்பத்தோராண்டு ஓட்டியவர். சட்டைப்பையில் எப்போதும் உப்பு பிஸ்கட் இருக்கும். நான் பணிபுரியும் ஆவண அறைக்குள் நுழையுமுன், வாசலில் நின்று துகள் போகச் சட்டையை உதறிக்கொள்வார். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் தேடுவது ஒரே மனிதரின் வழியை: 1638இல் கப்பலேறி வந்து இங்கே குடியேறிய ஜாபெஸ் தார்ன்டெல். அவர் மகன் யோசையாவின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது ரோவேனா குடும்பத்தின் நம்பிக்கை. ஜாபெஸ் வழியினர் மட்டுமே சேரக்கூடிய சங்கத்தையும் அவரே தொடங்கினார்.

சென்ற மாதம் தேவாலய ஏட்டில் ஒரு வரி அகப்பட்டது. யோசையா நான்கு வயதில் இறந்திருக்கிறான். இறந்த பிள்ளையின் பெயரைப் பின்னர் பிறந்ததற்கு இடுவது அக்கால வழக்கம். அப்படியே இளைய யோசையா ஒருவனும் ஏட்டில் உண்டு. ஆனால் ரோவேனாவின் முன்னோரான யோசையா மணமுடித்த ஆண்டில் இவனுக்கு வயது பதினொன்று. அதே பெயர் கொண்ட அந்த மணமகன் வேறு எவருடைய மகனோ.

சங்கச் செயலாளரான அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வெண்டல், கூட்டத்திற்கு முந்திய நாள் ஆவண அறைக்கே வந்துவிட்டார்.

"வம்சப் பட்டியல் அச்சாயிடுச்சு. விட்டுத்தொலையேன், ரோவேனா. முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்ன செத்தவன் எழுந்துவந்து கேக்கப்போறானா?"

"அவன் கேக்கமாட்டான். நாலு வயசுல பொதைச்ச பிள்ளைக்கு நான் எப்படிடா கல்யாணம் பண்ணிவைக்கிறது?"

"அப்போ நீயும் நானும் யாரு? சங்கத்துலயே இருக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும். தலையெண்ணாம ஒருநாளாவது பஸ்ஸ எடுத்திருக்கேனா? கணக்கு இடிக்குது. எடுக்கமாட்டேன்."

சனிக்கிழமை, கூடத்தில் ஜாபெஸின் ஒவ்வொரு பிள்ளையின் வழியினரும் தத்தம் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ரோவேனா எழுந்து ஏட்டு வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு அவர் தம் நாற்காலியை மடக்கி, கதவோரம் விருந்தினர் வரிசைக்குத் தூக்கிச்சென்று விரித்து அமர்ந்தார். மடியில் ஒரு புதிய வம்சப் படிவம். முதல் கட்டத்தில் மணமகன் யோசையாவின் பெயர். தந்தையின் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.