மூச்சைப் பிடிங்க, அங்கிள்

வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஸ்டூலில் ஏறினேன். நட்சத்திரம் மேலேயே நின்றது, நான் கீழே வந்துவிட்டேன். இடது விலாவில் நல்ல அடி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ‘மூச்சுப் பிடிப்பு’ என்று தீர்ப்புச் சொல்லி ஆளுக்கொரு தைலம் தடவினார்கள். டாக்டர்தான் எலும்பில் விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

எனக்கு எலும்பைவிட அங்கிதான் கவலை. எங்கள் சபையார் வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்டில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஆடுவது நான்தான். ஆட்டம் சுமார்தான். ஆனால் தலையணை கட்டாமலே தொப்பை பொருந்துகிற ஆள் சபையில் வேறு யாரும் இல்லை. விரிசல் என்று வந்துவிட்டால் அந்தச் சிவப்பு அங்கி என் மனைவியின் தம்பிக்குப் போய்விடும். அந்த மகராசன்தான் என்னைத் தன் பைக்கில் கரையான்சாவடி ஸ்கேன் சென்டருக்கு ஏற்றிப் போனான். வழியில் ஒரு பள்ளத்தையும் அவன் விடவில்லை.

உள்ளே எக்ஸ்ரே எடுக்க மகள் வயதில் ஒரு பெண். சட்டை, பனியன், சிலுவைச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஓர் அங்கியைக் கொடுத்தாள். சங்கிலியை வெளியே மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு, நாடாவை முன்பக்கம் கட்டிக்கொண்டு ராஜநடை நடந்து வந்தேன். திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டால் முதுகில் காற்று வாங்கியது. பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னாள். மார்கழிக் குளிரில் ஐஸ்கட்டியைக் கட்டிப்பிடித்தது போல இருந்தது. தாடையைத் தூக்கு, தோளை முன்னால் தள்ளு, கையை இடுப்பில் வை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றைச் செய்தால் மற்றொன்று கலைந்தது. ஒருவழியாக நிறுத்திவிட்டு அவள் தடுப்புக்குப் பின்னால் போய்க் குரல் கொடுத்தாள்.

“மூச்சைப் புடிங்க, அங்கிள்.”

“புடிச்சிகினுதாம்மா கீது.”

“யாரு புடிக்கச் சொன்னா? நான் சொல்லும்போது புடிங்க.”

“ஸ்டூல்லேர்ந்து விழுந்ததுலேர்ந்து புடிச்சிகினு கீதும்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

நான் பேசியதில் படம் கலங்கிவிட்டது. மறுபடியும் பலகை, தாடை, தோள். இந்த முறை வாயைத் திறக்காமல், விலா குத்தக் குத்த மூச்சை இழுத்து அடக்கினேன். படம் விழுந்தது. விடச் சொல்ல மறந்து அவள் கம்ப்யூட்டரில் மூழ்கிவிட்டாள். கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தவன், தாங்க முடியாமல் நானே விட்டேன்.

அங்கிருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு முழுசாக இருக்கிறது, வெறும் சதைப்பிடிப்புதான், வலி விட்டதும் தாராளமாக ஆடலாம் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து சொன்னதும், பெஞ்சில் காத்திருந்த மைத்துனன் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வராந்தாவிலேயே இடுப்பை வெட்டி, கையைத் தூக்கி, தாத்தா ஸ்டெப் ஒன்று போட்டேன்.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ஆட்டச் சத்தம் சட்டென்று நின்றதைக் கவனித்தோ என்னவோ, அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“இப்ப விடுங்க, அங்கிள்.”

மைத்துனன் என் சங்கிலியைத் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். “மாமே, அந்தச் செவப்பு டிரெஸ் பீரோல கீதா, பரண்ல கீதா?” என்றான்.