இரண்டாம் பாகத்தில் செத்துப்போன காவலாளி

சிடியை உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டர் ஒரு முறை செருமும், பிறகு மிக்சி போல உறுமத் தொடங்கும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனை மேசைக்கடியிலிருந்து மெல்ல எழுந்து வரும். ஒன்பதாம் வகுப்பில் என் ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை அதுதான். கம்ப்யூட்டர் ஊரப்பாக்கத்தில் என் தோழி ஸ்டெல்லாவின் வீட்டில் இருந்தது. அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, கூடுவாஞ்சேரியில் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன்.

எங்கள் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த "காப்பி சிடி"யில் இருந்தது பாகம் பாகமாக வெளிவரும் ஒரு விளையாட்டு. ஒரு தீவு, அதில் காணாமல்போன அக்காவைத் தேடும் தம்பி. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்து, மிச்சம் அடுத்த பாகத்தில் என்றது. கடைக்கு ஓடினோம். "அவ்ளோதாம்மா கீது, மீதிய அவன் இன்னும் செய்யவே இல்ல" என்றார். நான் நம்பவில்லை. முழுசாகச் செய்து உள்ளே வைத்துக்கொண்டு துண்டு போட்டு விற்கிறார்கள் என்றே நினைத்தேன், இந்தக் கடைக்காரருக்கும் அதில் கூட்டு இருக்கலாம் என்றும் நினைத்தேன். எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத அம்மா, விஷயத்தைக் கேட்டதும், "சீரியல்காரன் புத்தி இவனுக்கும் வந்துட்ச்சா? ஆரம்பிச்சவன் முடிப்பான்னு இன்னா நிச்சயம்?" என்றாள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: விளையாடிய நாட்களைவிடக் காத்திருந்த மாதங்கள்தான் நன்றாக இருந்தன. பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனபோது மற்றவர்கள் கல்யானையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கடற்கரை மணலில் அந்தத் தீவை விரலால் வரைந்து, அக்கா எங்கே இருப்பாள் என்று டீச்சர் வந்து அதட்டும்வரை வாதாடிக்கொண்டிருந்தோம். ஒரே மூச்சில் முடிந்துபோகும் விளையாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்?

முதல் பாகத்தின் முடிவில் படகு கவிழும். கலங்கரை விளக்கத்துக் காவலாளித் தாத்தாவும், தம்பிக்கு வழிகாட்டி வந்த ஒரு பெண்ணும் தண்ணீரில் தத்தளிப்பார்கள். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். ஸ்டெல்லா அந்தப் பெண்ணைத் தூக்கலாம் என்றாள். எனக்கோ முதல் காட்சியிலிருந்தே அவள்மேல் சந்தேகம். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பின் நான் ஜெயித்தேன், தாத்தா பிழைத்தார். நாம் எடுத்த முடிவை விளையாட்டு ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த பாகம் அதைப் படித்து, அதன்படி கதையைத் தொடரும்.

ஒரு வழியாக இரண்டாம் பாகம் வந்தது. முன்கதை ஓடியது. அதில் அந்தப் பெண் படகில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தாத்தா செத்துப் போயிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏன்டி மாத்தினே?" என்றேன்.

"நான் அந்த கேம தொடவே இல்லடி."

"நான் இல்லாதப்ப தனியா ஆடிட்டு மாத்தி வெச்சுகினு கீற. உன் வூட்டு கம்ப்யூட்டர்தானே, கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

அவள் முகம் சிவந்துபோனது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் வகுப்பில் பெஞ்சு மாறி உட்கார்ந்தேன். அந்த வருடம் முடிந்ததும் அவள் அப்பாவுக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானது. அதோடு சரி.

இன்று சிறுசேரியில் ஒரு நிறுவனத்தில் விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. சந்தேகப்படச் சம்பளம் தருகிறார்கள். போன மாதம் புது விளையாட்டு ஒன்றைப் பாகம் பாகமாக விடலாமா என்று பேச்சு வந்தது. ஆடுகிறவர்களின் குறைகளைக் கேட்டு அடுத்த பாகத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். நியாயம்தான். பாதியில் கைவிட்டால் முதல் பாகத்தை வாங்கியவன் என்ன செய்வான் என்று நான் கேட்டேன். பிறகு, பழைய ஃபோல்டர் கிடைக்காவிட்டால் இரண்டாம் பாகம் என்ன செய்யும் என்றும் கேட்டேன்.

"அதுவா ஒரு முடிவ எடுத்துகினு போயிடும்" என்றான் புரோகிராம் எழுதுகிறவன்.

"ஆடறவங்க கிட்ட சொல்லாதா?"

"எதுக்கு சொல்லணும்?"

அப்படியானால் அன்றைக்குத் தாத்தாவைச் சாகவிட்டது ஸ்டெல்லா இல்லையோ? வீடு திரும்பும் வழியில் பார்த்தேன், சிடி கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். சிடி போடுகிற கம்ப்யூட்டரே இப்போது யாரிடமும் இல்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஸ்டெல்லாவின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை.

"அந்த ஃபோல்டரா?" என்று சிரித்தாள். "கேம்னு தெரிஞ்சா அப்பா அழிச்சிடுவாருன்னு 'கெமிஸ்ட்ரி'ன்னு பேர் மாத்தி வெச்சிருந்தேன். உன் தாத்தா பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்."

பேர் மாறியதால்தான் விளையாட்டுக்கு அது கிடைக்காமல் போயிருக்கிறது. "அன்னிக்கே இத ஏன்டி சொல்லல?" என்றேன்.

"நீ எங்கடி கேட்டே? 'மாத்தினியா'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ 'ஏன் மாத்தினே'ன்னு இல்ல கேட்டே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் "வுடுடி" என்றாள். நான் போனபிறகு அந்த விளையாட்டை ஒருநாளும் திறக்கவில்லை என்றும் சொன்னாள். உடனே நம்பினேன். அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே நம்பியிருக்க வேண்டும்.