ஈஸ்வரமூர்த்தி பிள்ளையின் கருங்கல்

கோட்டாற்றுக்கு வடக்கே, வயலை ஒட்டிய எங்கள் ஊரில் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை என்றொரு மாமனிதர் வாழ்ந்தார். வருங்காலம் இதை மறந்துவிடக் கூடாது. பேனா இல்லாமல் பேனா மூடியை மட்டும் சட்டைப்பையில் குத்திக்கொண்டே குமாஸ்தா உத்தியோகத்தை ஓட்டி முடித்தவர். வற்றல் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பாயச ஏப்பம் விடுவார்.

மகள் பகவதிக்கு முதலில் வந்த சம்பந்தம் அந்தப் பேனாவால்தான் கலைந்தது. ஜாதகம் குறித்துக்கொள்ள வந்தவர்கள் பேனா கேட்டார்கள். மூடி மட்டும் வந்தது. அடுத்தது இரணியல் பக்கத்துச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா கைலாசநாத பிள்ளை, “வீட்டுச் சுவருக்குக் கல் அடிதானா?” என்று தரகரிடம் கேட்டனுப்பினார். பெரிய வீடுகளுக்குச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் இருக்கும், அதுதான் அந்தஸ்து. “கல் அடிதான்” என்று நம்மவர் உடனே சொல்லியனுப்பினார்.

உண்மையில் இருந்தது மண்சுவர் வீடு. அதை மறைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய செங்கல் அறை ஒன்று. அதன் சுவரடி பூசப்படாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

கொத்தனார் ராஜமணி வந்து பார்த்தார். “ஓட்டுத் தண்ணி தெறிச்சு செங்கல்ல அரிச்சிரும், பிள்ளைவாள். சுண்ணாம்புச் சாந்து பூசி காவி அடிச்சு விடுவோம்.”

“காவியா? நான் என்ன மடமா கட்டுகேன்? கருங்கல்லு வேணும்.”

“கல்லு எங்க கெடக்கு?”

“உம்ம கரண்டியில கெடக்குவே. சாந்துல கரியக் கலந்து பூசும். கல்லு அடுக்குன மாதிரி கோடு கீறும்.”

“அது காயதுக்கு நாளு வேணுமே?”

“கல்லு எதுக்குவே காயணும்?”

ராஜமணிக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. உளி பட்ட தழும்புகூட அங்கங்கே குத்திவைத்தார். அடுப்படிச் சுவரில் படிந்திருந்த கரி முழுவதும் சுரண்டப்பட்டது. “கல்யாணம் நடக்கோ இல்லையோ, அடுப்படி வெளுத்துட்டு” என்றாள் மனைவி உலகம்மை.

பெண் பார்க்க வந்தவர்கள் வயல் வரப்பு வழியாக, காலெல்லாம் சேறோடு வந்தார்கள்; கைலாசநாத பிள்ளை முதலில் வந்து சேர்ந்தார். வாசலில் செம்பும் தண்ணீரும் தயாராக இருந்தன. ஈஸ்வரமூர்த்தி பிள்ளை சுவரைக் காட்டினார். “மயிலாடியில நானே நின்னு பாத்து எடுத்த கல்லாக்கும்.”

சேற்றுக்காலோடு வருகிறவன் பக்கத்தில் கல்லைக் கண்டால் குதிகாலைத் தேய்க்காமல் போகமாட்டான். இந்த நாட்டின் தீராத பழக்கம் அது. கைலாசநாத பிள்ளை தண்ணீரை ஊற்றி, வலது குதிகாலை மயிலாடிக் கல்லில் வைத்து, நன்றாக ஒரு தேய் தேய்த்தார். கோடு போயிற்று. இன்னொரு தேய்ப்பில் கல்லே போயிற்று. உள்ளேயிருந்து செங்கல் சிவப்பாக எட்டிப் பார்த்தது. குதிகால் சோற்றுப்பானையின் அடிமாதிரி ஆகிவிட்டது.

சன்னலுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நின்ற பகவதி கண்ணை மூடிக்கொண்டாள். பேனா மூடி மறுபடியும் வந்துவிட்டது.

கைலாசநாத பிள்ளை குதிகாலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பின்னால் வரப்பிலேயே வந்துகொண்டிருந்த தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு நம்மவரின் காதருகே குனிந்தார்.

“அடுப்புக் கரியா போட்டேரு?”

“...ஆமா.”

“அதாக்கும் ஓய் நிக்கல்ல. தேங்காச் சிரட்டைக் கரியப் பொடிச்சுப் போடணும். எங்க வீட்டுல போட்டு ரெண்டு மழை போயாச்சு. ஒரு பய கண்டுபிடிக்கல்ல.”

சொல்லிவிட்டு, ஓட்டையை மறைத்து நின்றுகொண்டு, வந்தவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “ஆகா, என்னா கல்லு! குளுந்துல்லா கெடக்கு!”

சம்பந்தம் அப்போதே முடிவாயிற்று. இவ்வளவு பொருத்தம் எந்த ஜாதகத்திலும் அமையாது. கல்யாணத்தன்று அந்த ஓட்டையின் முன்னால் ஒரு குலைவாழை நின்றது.

மறுவீட்டுக்கு இரணியலுக்குப் போன ஈஸ்வரமூர்த்தி பிள்ளை, சம்பந்தி வீட்டுக் கருங்கல் சுவரைத் தொடாமல், தள்ளி நின்று, ஒரு காலை மறுகாலால் தேய்த்துக் கழுவினார். கல்லில் தேய்த்துக்கொள்ளச் சொல்லி கைலாசநாத பிள்ளையும் உபசரிக்கவில்லை.