இடம் மாறிய மச்சம்

நாளெல்லாம் மரப்பலகையை டொக் டொக்கென்று கொத்திக்கொண்டிருப்பவளுக்கு அச்சுக்கூடத்தில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? மரங்கொத்தி என்றே வைத்தார்கள். அவள் செதுக்கிய பலகையில் மை தடவித் தாளில் ஒற்றியெடுப்பவள் அவளுடைய நாத்தனார். மரங்கொத்தி என்றைக்காவது ஒரு பலகையைக் கெடுத்தால் உளி நாத்தனாருக்கு, மை உருளை மரங்கொத்திக்கு. இது இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம். நாத்தனாரும் இருபது வருஷமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

சோப்பு வியாபாரி ஒருவர் சோப்பு உறையில் தன் முகம் வேண்டுமென்று போட்டோ கொடுத்தார். படத்தை மெல்லிய தாளில் பிரதியெடுத்துப் பலகையில் குப்புற ஒட்டிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். ஒட்டுவதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்ற மிதப்பில் மரங்கொத்தி பலகையிலேயே பென்சிலால் வரைந்தாள். போட்டோவில் பார்த்தபடியே வரைந்து தொலைத்தாள். ஆறு நாள் செதுக்கியபின் முதல் தாளை உரித்தால், வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குக் குடிபோயிருந்தது.

நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். "உளியைக் கொடு."

மரங்கொத்திக்கு உயிரே போய்விட்டது. "அவர் வந்து வேணாம்னு சொல்லட்டும் அண்ணி, தர்றேன்."

வியாபாரி மனைவியோடு வந்தார். தாளைப் பார்த்ததும் உருகிப்போனார். "என் மூஞ்சிய ஒழுங்காப் போட்டது நீங்க ஒருத்தர்தாம்மா! போட்டோல எல்லாம் கோணலாத்தான் வரும்."

"மச்சம் எந்தப் பக்கம்னு பாருங்க சார்," என்றாள் நாத்தனார், பொறுக்கமாட்டாமல்.

அவர் சுவர்க் கண்ணாடி முன்னால் நின்று தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தன்னைப் பார்க்கும்படி பிடித்தார். கண்ணாடியில் மச்சம் எந்தப் பக்கமோ, தாளிலும் அதே பக்கம். "நீங்களே பாருங்க!"

மரங்கொத்தி நிம்மதியாக உளியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இது யாரு?" என்றாள் வியாபாரியின் மனைவி.

"நான்தான்! தினம் ஷேவ் பண்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"அந்தப் பத்து நிமிஷம்தான் நீங்க பாக்கறீங்க. மிச்ச நேரம் பூரா பாக்கறது நான். இந்த ஆளு எனக்கு வேணாம்."

அந்த அம்மாள் சிரிக்காமல்தான் சொன்னாள். மரங்கொத்திக்கு முகம் சுண்டிவிட்டது. தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. இந்த முறை யாரும் கேட்கவில்லை, அவளே உளியை நாத்தனார் கையில் வைத்துவிட்டு மை உருளையை எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் உளியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கை நடுங்குதுடி."

"நடுங்கட்டும் அண்ணி. முதல்ல படத்தைக் குப்புற ஒட்டுங்க."