நாலு ரோட்டுக்கும் சேர்த்துத் தூக்கிய வீடு

ராமநாதபுரம் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கு முதலில் மூன்று படிகள் இருந்தன. மூன்றும் ஏறும் படிகள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் அதே வீட்டுக்கு ஒரு படியும் இல்லாமல் போயிற்று. அதற்கும் பின்னால், தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி உள்ளே போகவேண்டியதாயிற்று. வீடு அசையவில்லை. ரோடுதான் வளர்ந்தது.

அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து இங்கே மிளகாய் மண்டி வைத்தவர். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. வற்றலுக்கு ஈரம் ஆகாது என்பதால் தரையைத் தெருவைவிட மூன்று படி உயர்த்திக் கட்டினார். அந்தக் காலத்தில் தெருவிலேயே உயரமான கட்டடம் தம்முடையதுதான் என்பார். பழைய புகைப்படங்களைப் பார்த்ததில் உயரமானது எதிர்வரிசை அரிசிக்கடை. எங்களுடையது இரண்டாவது.

எதற்கும் தேதி குறித்துவைக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. மற்ற வீடுகளில் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பார்கள். நான் எங்கள் வாசல் தூணில் ரோட்டின் உயரத்தைக் குறித்தேன். ஒவ்வொரு முறை தார் போட்டு முடிந்ததும் ஆணியால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட வயதுக்குமேல் வளர்வதில்லை. ரோட்டுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. புதுக்கோடு ஏற ஏறப் பழைய கோடுகள் மண்ணுக்குள் போயின. அழகன்குளத்தில் குழி தோண்டி அடுக்கடுக்காகப் பழைய ஊரை எடுத்ததைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஓர் ஊர் புதைவதற்கு நூற்றாண்டுகள் ஆகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் தெரு அதை அய்யாவின் ஆயுளுக்குள்ளேயே முடித்துக்கொண்டது.

ஒரு பங்குனியில் மறுபடியும் ஜல்லி வந்து இறங்கியபோது, ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன்.

“பழசைச் சொரண்டிட்டுப் போடக்கூடாதா?”

“சார், போடுறதுக்குத்தான் எனக்கு ஆர்டர். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலையே. நல்லாருக்கிற ரோட்டை எதுக்கு சார் எடுக்கணும்?”

“நல்லாருக்குன்னா எதுக்குங்க மறுபடி போடுறீங்க?”

“அதான் ஆர்டர் இருக்கே சார்.”

தெரு தன்னால் முடிந்தவரை ஈடுகொடுத்தது. அரிசிக்கடை செல்போன் கடையாக மாறியபோது தரையை ஓரடி உயர்த்தினார்கள். அடுத்த ரோடு அதைச் சமன் செய்துவிட்டது. முடிவெட்டும் கடைக்காரர் தரையை உயர்த்திக்கொண்டே போனார். கூரையை உயர்த்த அவருக்கு வழியில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலையை மின்விசிறி தொட்டுவிடும் என்ற நிலை வந்தபோது முதலில் மின்விசிறியைக் கழற்றினார், பிறகு நாற்காலியின் காலை அறுத்தார். பாத்திரக்கடைக்காரர் எதையுமே உயர்த்தவில்லை. அவருடைய ஷட்டரின் பூட்டு ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. பூட்டைச் சுற்றி ஒரு குழி வைத்து, குழிக்குத் தகர மூடி போட்டு, மூடி களவு போகாமலிருக்க அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். காலையில் அவர் குத்துக்காலிட்டு முதலில் மூடியைத் திறப்பார், பிறகு கடையை.

ரோடும் எங்கள் தரையும் ஒரே மட்டமாக இருந்த சில வருடங்கள்தான் அய்யாவுக்கு மிகவும் பிடித்தவை. மூட்டு தேய்ந்து மண்டியை அப்போதே மூடிவிட்டிருந்தார். தினமும் சாயங்காலம் எதிரிலிருக்கும் டீக்கடைக்கு யார் துணையுமில்லாமல் நடந்துபோய் பெஞ்சில் உட்காருவார். டீக்கடைக்காரரும் அவர் வயதுதான். இருவரும் வற்றல் விலையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். ஒருவர் விற்பதுமில்லை, மற்றவர் வாங்குவதுமில்லை.

“இப்பத்தாம்லே ரோட்டை ஒழுங்காப் போட்ருக்கான்” என்று அய்யா என்னிடம் சொன்னார்.

சமமட்டத்தில் சில சங்கடங்களும் இருந்தன. ஆடுகள் நேராக உள்ளே வந்து படுத்தன. ஏர்வாடி தர்காவுக்குப் போகிற குடும்பம் ஒன்று பையும் தூக்குவாளியுமாக வந்து எங்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து, பஸ் எப்போது வரும் என்று கேட்டது. “இன்னும் பத்து நிமிசத்துல வந்துரும்” என்று அய்யா சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பிறகு இன்னும் இரண்டு ரோடுகள் வந்தன. வீடு இரண்டு படி கீழே போனது. அந்த ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அரசாங்க வேலைக்காரர்களை மிரட்ட, தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்பார்களே, அந்தக் காடு எங்கள் ஊர்தான். குடிதண்ணீர் அப்போதும் தள்ளுவண்டியில்தான் வந்தது. வண்டிக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “எத்தனை கொடம்ணே?” என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்துபோவதைப் பார்த்துக்கொண்டே அய்யா, “ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போலே” என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகும் அவர் டீக்கடைக்குப் போகவில்லை. அந்த இரண்டு படியும் பாசி பிடித்துக் கிடந்தன. நான் கையை நீட்டினேன்.

“கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன மாப்பிள்ளையா? ஏலே, என் டிரங்குப் பெட்டியை இறக்கு. ஊருக்குப் போறேன். அந்தப் பெஞ்சுக்கு நானாப் போக முடியலைன்னா எனக்கு இங்கன என்ன வேலை?”

ஊர் என்று அவர் சொன்னது கிராமத்து வீட்டை. அதில் ஆள் இருந்து வெகுகாலமாகிறது. பாதிக் கூரை இல்லை. எண்பதைத் தாண்டியவர் அங்கே தனியாக இருக்கமுடியாது. ஆனால் சொன்னால் செய்கிறவர். பெட்டியை இறக்காமல், வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்களுக்குப் போன் செய்தேன்.

அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவரை அடியில் அறுத்து, வரிசையாக ஜாக்கிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகிறார்கள். வீடு மேலே வருகிறது. பிறகு அடியில் செங்கல் கட்டித் தரையை நிரப்புகிறார்கள். “எவ்வளவு தூக்கணும் சார்?” என்று மேஸ்திரி என்னிடம்தான் கேட்டார். பதில் அய்யாவிடமிருந்து வந்தது.

“தூண்ல கோடு போட்டு வச்சிருக்கேல்ல? ஒரு ரோட்டுக்கு எம்புட்டு ஏறுது?”

சொன்னேன்.

“அப்ப இனிமே வரப்போற நாலு ரோட்டுக்கும் சேத்துத் தூக்கச் சொல்லு.”

விலை ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்கிப் போடுகிற வியாபாரி அவர். என் கோடுகளும் அவர் பக்கம்தான் இருந்தன. இறங்குவதற்குச் சுவரை ஒட்டிச் சாய்வாக ஒரு தளம் போட்டுத்தருவதாக மேஸ்திரி சொன்னார்.

தூக்குகிற நாட்களில் அய்யா வீட்டைவிட்டு வெளியே வர மறுத்து, நடுக்கூடத்துக் கட்டிலிலேயே இருந்தார். அடிக்கடி குரல் கொடுப்பார்.

“ஏறுதாப்பா?”

“ஏறுதுய்யா” என்று அடியிலிருந்து மேஸ்திரி.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே?”

“நீங்களும் சேந்து ஏறுறீகள்ல, எப்படித் தெரியும்?”

பெரியபட்டினம் பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள். டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“மொதலாளி, இனிமே எங்களையெல்லாம் குனிஞ்சுதான் பாப்பீகளோ?”

“ஆமா. ஒனக்கு என்ன செய்யுது?”

டீக்கடைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. ஜாக்கிதான் வந்திருக்கிறதே என்று தன் கடையையும் அதே உயரத்துக்கு ஏற்றிவிடச் சொன்னார். அதைப் பார்த்து செல்போன் கடை. அதைப் பார்த்து முடிவெட்டும் கடை. கூரை தரையை விட்டு விலகியதில் மின்விசிறி திரும்ப வந்தது. பாத்திரக்கடையும் ஏறிற்று, அவருடைய பூட்டு வெளிச்சத்துக்கு வந்தது. மாசி முடிவதற்குள் தெருவின் இரண்டு பக்கமும் உயர்ந்துவிட்டன. அய்யா சாய்தளத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, டீக்கடைச் சாய்தளத்தில் ஏறிப் பெஞ்சுக்குப் போனார். டிரங்குப் பெட்டியைப் பற்றிய பேச்சு நின்றது.

எனக்கு மட்டும் ஒரு குறை. வீட்டோடு தூணும், தூணோடு கோடுகளும் மேலே போய்விட்டன. என் குறிப்புகளை நம்பினால், இந்தத் தெருவில் கடைசியாகப் போட்ட ரோடு என் இடுப்புயரத்தில் ஓடுகிறது.

அடுத்த ரோடு வந்தது. அதே மேற்பார்வையாளர், ஆனால் இந்த முறை ஜல்லி லாரிக்கு முன்னால் சுரண்டும் இயந்திரம் வந்தது.

“புது உத்தரவு சார். பழசைச் சொரண்டி எடுத்துட்டுத்தான் போடணும். நீங்க கேட்டது சரிதான்” என்று அவர் என்னைப் பாராட்டினார்.

“எதுவரைக்கும் சொரண்டுவீங்க?”

“பழைய ரோடு வரைக்கும்.”

“எந்தப் பழைய ரோடு?”

அவர் யோசித்தார். “உங்க தூண்ல கோடு இருக்காமே?”

வீட்டோடு மேலே போன அந்தக் கோடுகளால் இப்போது எதையும் காட்ட முடியாது என்று விளக்கினேன். அப்படியானால் மண் தெரிகிறவரைக்கும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். எடுப்பதற்கு ஆர்டர் இருந்தது; நிறுத்துவதற்கு இல்லை. சில நாட்களில் அடுக்கடுக்காக எல்லா ரோடுகளும் போயின. ஒரு காலையில் எங்கள் வீட்டின் பழைய மூன்று படிகளும் வெளியே வந்தன. ஒரு மூலைகூட உடையவில்லை. ஏறிப்போனால் புதிய செங்கல் சுவரில் முட்டும். வாசல் அதற்கு மேலே, என் கழுத்துயரத்தில் இருந்தது. சாய்தளம் பாதி வழியில் அந்தரத்தில் முடிந்தது.

தெரு முழுவதும் அப்படித்தான். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய வல்லங்களைப் போல இரண்டு வரிசையிலும் கடைகள் நின்றன. முடிவெட்டும் கடைக்கு இரும்பு ஏணி வந்தது. டீக்கடையில் ஆட்கள் கீழே நின்று கையை உயர்த்த, கடைக்காரர் மேலிருந்து குனிந்து டம்ளரைக் கொடுத்தார்; பிரசாதம் வாங்குவதுபோல இருக்கும்.

அய்யா தம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே அதே மட்டத்தில் டீக்கடை. பெஞ்சு தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒரு லாரி போகிற அகலம்.

“பெட்டியை இறக்கு” என்றார்.

அன்று பெட்டி தேடுவதுபோல நேரத்தைக் கடத்தினேன். மறுநாளும் கேட்டார். நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று பஞ்சாங்கத்தை எடுத்து, வாரக்கணக்கில் நல்ல நாளே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். “ஒனக்கு என்னைக்குலே நாள்ல நம்பிக்கை வந்துச்சு?” என்றார். கடைசியில் பெட்டியை இறக்கி வாசலில் வைத்தேன். அதை இறக்கித்தர ஏணி கொண்டுவர ஆள் அனுப்பியிருந்தேன்.

ஏணிக்கு முன்னால் லாரி வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு மண்டி நடக்கிறது. அதற்கு மிளகாய் கொண்டுவருகிற சின்ன லாரி. சரக்கை இறக்கிவிட்டு, காலி வண்டியாக எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. டிரைவர் கீழே நின்று டீக்குக் கையை உயர்த்தினார். அய்யா லாரியின் தளத்தைப் பார்த்தார். தம் வாசலைப் பார்த்தார். ஒரு சாண் வித்தியாசம். வாழ்நாளெல்லாம் லாரி மட்டத்தைப் பார்த்த கண்.

“ஏப்பா டிரைவரு, ரெண்டு பக்கத்துப் பலகையையும் எறக்கு.”

“எதுக்குப் பெருசு?”

“சரக்கு ஏறப்போகுது.”

டிரைவருக்குப் புரிந்ததும் டம்ளரை வைத்துவிட்டுப் பலகைகளை இறக்கினார். அவை இரண்டு பக்கமும் வாசல்களைத் தொட்டன. நான் கையை நீட்டினேன்.

“விடுலே.”

அய்யா பலகையில் கால் வைத்தார். சிந்திக்கிடந்த மிளகாய் விதைகளின்மேல் மெதுவாக நடந்தார். நடுவில் நின்று இருமினார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார், அந்தப் பக்கப் பலகையில் ஏறி டீக்கடைக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“வாங்க மொதலாளி. டிக்கெட் எடுத்தீகளா?” என்றார் டீக்கடைக்காரர்.

“வத்தல் என்ன வெலை போச்சு இன்னைக்கு? அதைச் சொல்லு மொதல்ல.”

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் பலகைகளைத் தூக்கிப் பூட்டி வண்டியை எடுத்தார். லாரி போய்விட்டது. நான் இந்தப் பக்கம் வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்றேன்.

“அய்யா, எப்படித் திரும்பி வருவீங்க?” என்று கத்தினேன்.

“அந்த வண்டி இன்னொரு நடை வரும்லே. வரும்போது வாரேன்” என்று அவர் பெஞ்சிலிருந்தே கத்தினார். “அந்தப் பெட்டியைத் தூக்கி உள்ள வையி. வாசல்ல கெடந்தா எவனாவது பஸ் ஸ்டாப்புன்னு நெனச்சு ஏறிவந்து ஒக்காந்துருவான்.”